லெவன்வர்த்தில் ஒரு பகல்: பவேரிய முகப்புக்குப் பின்னால் இருக்கும் ஊர் எது?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு, அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்து, சியாட்டிலிலிருந்து, காஸ்கேட் மலைக்கு அப்பால் இருக்கும் லெவன்வர்த் என்ற சிற்றூருக்குப் போய் அன்றிரவே திரும்பினோம். அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ 120 மைல் தூரம். 2-ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்டீவன்ஸ் கணவாயில் 4,061 அடி உயரத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்குகிறது. மேற்குச் சரிவில் ஏறி முடிக்கும்வரை மழைத்துடைப்பானை நிறுத்தவே முடியவில்லை. கணவாயைக் கடந்த அரைமணி நேரத்தில் மழை விட்டு, வெயில் வந்து, இருண்டு அடர்ந்த காடு விலகி, செம்பட்டை கொண்ட பாண்டெரோசா பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் வறண்ட சரிவுகள் தொடங்கிவிட்டன. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அப்பா, குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்குவது போல இருக்கிறது என்றார். மழைமறைவுப் பகுதி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன்பின் டம்வாட்டர் பள்ளத்தாக்கில் வெனாச்சி ஆறு சாலையை ஒட்டியே பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடுகிறது. கரையோரத்துக் கொடிமேப்பிள்கள் செக்கச்சிவந்திருந்தன. அந்தப் பள்ளத்தாக்கு முடியும் வாயில், மூன்று பக்கமும் மலை சூழ, ஊர் இருக்கிறது.

ஃபிரண்ட் தெருவில், தென் ஜெர்மனியின் பவேரியப் பாணியில் மர உப்பரிகைகள், அவற்றில் பூத்தொட்டிகள், அகலமாக வெளிநீண்ட கூரைகள், சுவர்களில் மலைமக்களின் ஓவியங்கள், பழைய ஜெர்மானிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் என்று ஒரு கட்டடம் விடாமல் இருந்தன. வங்கியும் பெட்ரோல் நிலையமும்கூட அதே உடையில்தான் இருந்தன. 7,000-க்கும் மேற்பட்ட நட்கிராக்கர் பொம்மைகள் உள்ள அருங்காட்சியகத்தில் அம்மா ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். கொட்டை உடைக்கும் ஒரு கருவியை அரசனாகவும் படைவீரனாகவும் காவலனாகவும் செதுக்கிய கைகளை நினைத்து வியந்துகொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்கள்: “இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களா?” எனக்கு விடை தெரியவில்லை. பக்கத்துக் கடைக்கார அம்மையாரிடம் கேட்டேன். தம் குடும்பத்தில் ஒருவரும் ஜெர்மானியர் இல்லையென்றும், தம் தாத்தா மரமறுக்கும் ஆலையில் வேலை செய்தவர் என்றும், இந்த ஊரின் தோற்றம் 1960-களில்தான் உண்டானது என்றும் அவர் சொன்னார். கேட்டவுடன் அப்பா, “அப்படியானால் இது வேஷம்” என்றார். அம்மா அதை ஏற்கவில்லை. திரும்பும் வழி முழுவதும் இருவரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அழகாக இருக்கும் இந்த ஊரை மனதாரப் பாராட்டலாமா, அல்லது வேறொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும் ஊரா இது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்குவளை எழுதியது:

பன்னிரண்டு ஆண்டுகளாக சியாட்டிலில் இருக்கிறேன். லெவன்வர்த்துக்கு இருமுறை போயிருக்கிறேன். மூன்றாம் முறை போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் அப்பா சொன்னதுதான் என் கருத்தும். அந்த ஊருக்கென்று ஒரு வரலாறு இருந்திருக்க வேண்டும். அதைக் காட்டாமல், 5,000 மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கடைக்கார அம்மையாரின் தாத்தா வேலை செய்த ஆலை எங்கே இருந்தது என்று அந்தத் தெருவில் நடக்கும் ஒருவராவது தெரிந்துகொள்ள முடியுமா?

ரயில்பித்தன் எழுதியது:

செங்குவளை கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. அந்தத் தெருவில் இல்லை; ஆற்றங்கரையில் இருக்கிறது. பழைய ரயில்தடங்களைத் தேடி நடப்பது என் வழக்கம் என்பதால் இந்தப் பகுதியை ஓரளவு அறிவேன்.

கிரேட் நார்தர்ன் ரயில்பாதை 1893-இன் தொடக்கத்தில் காஸ்கேட் மலையைத் தாண்டி சியாட்டிலை அடைந்தது. மலையேற்றத்துக்குக் கீழே வண்டிகள் நின்று ஆள் மாற்றவும் கூடுதல் எஞ்சின் பூட்டவும் ஓர் ஊர் வேண்டும். அந்த ஊர்தான் லெவன்வர்த். இங்கே மனைப்பிரிவு போட்ட நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் லெவன்வர்த்தின் பெயரே ஊருக்கு வந்தது. பிறகு லாம்ப்-டேவிஸ் மர நிறுவனத்தின் பெரிய ஆலை வந்தது. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக் குளத்தில் சேர்த்தார்கள். இன்று நீங்கள் நடக்கும் ஆற்றங்கரைப் பூங்காவும் பிளாக்பேர்ட் தீவும் அந்தக் குளம் இருந்த இடத்தை ஒட்டியவை. 1906-இல் ஊர் நகராட்சியானது.

1920-களில் இரண்டு இடிகள் விழுந்தன. ரயில்வே தன் கோட்டத் தலைமையகத்தை வெனாச்சி நகரத்துக்குக் கொண்டுபோனது, ஆலையும் மூடப்பட்டது. அதே பத்தாண்டின் முடிவில் ரயில்வே, ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள புதிய காஸ்கேட் சுரங்கப்பாதையைத் திறந்தபோது, டம்வாட்டர் பள்ளத்தாக்கு வழியாகச் சென்ற பழைய தடத்தையே கைவிட்டுவிட்டது. கார்முகில், நீங்கள் வண்டி ஓட்டிவந்த அந்தப் பள்ளத்தாக்குச் சாலை கைவிடப்பட்ட அந்த ரயில்தடத்தின் மீது போட்டதுதான். வழியில் ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்வான அணையைப் பார்த்திருப்பீர்கள். பழைய சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின்களின் புகை தேங்கிப் பணியாளர்களை மூச்சுத்திணற வைத்ததால், 1909-இல் சுரங்கத்துக்குள் மின்சார எஞ்சின்களை ஓட்டத் தொடங்கினார்கள். அவற்றுக்கு மின்சாரம் தந்தது அந்த அணை. நீரைக் கொண்டுசென்ற குழாய் கிடந்த பாலம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் நடந்து ஆற்றைக் கடக்கலாம். மலையின் மேற்குப் பக்கம் வெலிங்டன் என்ற சிறு நிலையத்தில், 1910 மார்ச் 1 அதிகாலை பனிச்சரிவு இரண்டு ரயில்களைப் பள்ளத்தில் தள்ளி 96 பேரைக் கொன்றது. அந்தச் செய்தியை நினைக்காமல் என்னால் அந்தக் கணவாயைக் கடக்க முடிந்ததில்லை.

வேலை போனபின் ஊர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தேய்ந்துகொண்டே வந்தது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. 1962-இல் ஊர்மக்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு ‘லைஃப்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எல்லோருக்குமான லெவன்வர்த் முன்னேற்றம் என்பது அதன் விரிவு. அருகே நெடுஞ்சாலையில் உணவகம் நடத்திவந்த டெட் பிரைஸ், பாப் ராட்ஜர்ஸ் என்ற இருவர், கலிஃபோர்னியாவில் டேனிஷ் பாணியில் அமைந்த சோல்வாங் நகரத்தைப் பார்த்தவர்கள். ஆல்ப்ஸ் போன்ற மலைகள் பின்னால் நிற்கின்றனவே, பவேரிய ஊராக மாற்றலாம் என்று அவர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். சோல்வாங்கை 1911-இல் நிறுவியவர்கள் உண்மையான டேனிஷ் குடியேறிகள். இங்கே அப்படி ஒரு வேர் இல்லை. இருந்தும் 1965-இல் லாவெர்ன் பீட்டர்சன் என்ற அம்மையார் தம் ‘சிக்கமின்’ விடுதியை முதலில் மாற்றி ‘எடல்வைஸ்’ என்று பெயரிட்டார். அடுத்தடுத்த உரிமையாளர்கள் தங்கள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் வைத்து ஒவ்வொரு கட்டடமாக மாற்றினார்கள். 1968-இல் நாடு தழுவிய ‘ஆல்-அமெரிக்கா சிட்டி’ விருது கிடைத்தது. முகப்புகளின் தோற்றம் நகராட்சி விதியானது அதற்குப் பிறகுதான். ஒரு பெண்மணி முதல் ஆளாகத் துணிந்து தன் விடுதியை மாற்றியதை வேஷம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இசார்க்கரை எழுதியது:

வணக்கம். நான் ஈழத்திலிருந்து இளவயதில் ஜேர்மனிக்கு வந்தவள். முதல் பதினைந்து ஆண்டுகள் ஹாம் நகரிலும் பின்னர் மியூனிக்கிலும் வசிக்கிறேன். வன்கூவரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனபோது, எல்லை கடந்து லெவன்வர்த்துக்கு ஒருநாள் கூட்டிச்சென்றார்கள். ஆகவே இதுபற்றிச் சில வார்த்தைகள் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவதாக, அது ஜேர்மன் ஊரின் சாயல் அல்ல. தென்கோடியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் மேல்பவேரியாவின் சாயல். காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதால் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஹாம் நகரில், அப்படிப்பட்ட உப்பரிகை ஒன்றையேனும் நான் கண்டதில்லை. லெவன்வர்த்தின் சில சுவர்களில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருக்கின்றன. அந்த வகைக் கட்டடம் பிராங்கோனியா, ஹெஸ்ஸன் போன்ற பகுதிகளில்தான் அதிகம். ஆல்ப்ஸ் அடிவாரக் கிராமங்களில் அதை அதிகம் பார்க்க முடியாது. சுவரோவியங்களைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஓபராம்மர்காவ், மிட்டன்வால்ட் போன்ற ஊர்களில் ‘லூஃப்ட்ல்மாலெரை’ என்று சொல்லும் அந்தக் கலை, 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் சேராஃப் ஸ்விங்க் என்பவரின் கையில் உச்சம் அடைந்தது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டிய ஓவியம் அது. இல்லாத சாளரத்தையும் தூணையும் சுவரில் இருப்பதாகவே காட்டிவிடும். லெவன்வர்த்தில் சுவரும் சாயமும் வேறு, கையில் மட்டும் பழக்கம் தெரிந்தது.

இரண்டாவதாக, வேஷம் என்ற சொல்லைப் பற்றி. பவேரியாவின் தோல் காற்சட்டையும் பாரம்பரிய உடையும் இன்றுவரை தாமாகவே தொடர்ந்து வந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவை கிராமங்களிலேயே மறைந்துகொண்டிருந்தன. 1883-இல் பைரிஷ்செல் என்ற சிற்றூரில் யோசஃப் ஃபோகல் என்ற ஆசிரியர், இந்த உடையை நாம் விடக்கூடாது என்று தம் நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அதைப் பார்த்து ஊர்தோறும் சங்கங்கள் எழுந்தன. மியூனிக்கின் ஒக்டோபர் திருவிழாகூட 1810-இல் இளவரசர் லுட்விக்கின் திருமணக் கொண்டாட்டத்தில் பிறந்ததுதான். ஆக, பவேரியர்களும் ஒரு கட்டத்தில் கூடி முடிவெடுத்துத்தான் பவேரியர்களாகத் தோன்றினார்கள். அவர்கள் தங்கள் பாட்டனின் உடையை எடுத்தார்கள், லெவன்வர்த்துக்காரர் இன்னொருவரின் பாட்டனுடைய உடையை எடுத்தார்கள். வேறுபாடு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உண்மை ஒரு பக்கம், பொய் மறுபக்கம் என்று கோடு போடும் அளவுக்கு அது பெரியதன்று என்பது என் எண்ணம்.

செங்குவளை எழுதியது:

அக்கா, 1883-ஆம் ஆண்டுச் செய்தி எனக்குப் புதியது. என் கருத்தை ஓரளவு மாற்றவும் செய்தது. ரயில்பித்தன் ஐயா சொன்ன அந்தப் பெண்மணியின் துணிவையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கட்டடங்களுக்கு உடை மாட்டியதோடு நிற்காமல், பெயர்களையும் மாற்றியிருக்கிறார்கள். ‘சிக்கமின்’ என்பது எந்த மொழிச் சொல்? அதை எடுத்துவிட்டு ஆல்ப்ஸ் மலைப் பூவின் பெயரை வைத்தபோது எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று அவர்கள் யோசித்திருப்பார்களா? இன்னொன்று, பார்க்க வருபவர்களுக்கு விடுதியும் உணவும் குறைவில்லாமல் கிடைக்கும் ஊரில், அறையைக் கூட்டிப் பெருக்குபவர்களும் தட்டு கழுவுபவர்களும் எங்கே வசிக்கிறார்கள்?

பேரிக்காடு எழுதியது:

வெனாச்சி நகரத்தில் மருத்துவத் துறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். செங்குவளையின் இரண்டு கேள்விகளும் மிகச் சரியானவை.

தொழிலாளர்களைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். லெவன்வர்த்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,400 மட்டுமே. விழா நாள்களில் அதைப்போலப் பல மடங்கு மக்கள் ஒரே தெருவில் நிற்கிறார்கள். வீடுகளின் விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாமல் போய்விட்டது. என்னோடு பணிபுரியும் ஒருவரின் மனைவி அங்கே ஒரு விடுதியில் வேலை செய்கிறார். அவர்கள் குடும்பம் வெனாச்சியில் வாடகைக்கு இருக்கிறது. அவர் நாள்தோறும் ஏறத்தாழ 20 மைல் போய் 20 மைல் திரும்புகிறார். குடியிருப்பு வீடுகள் நாள்வாடகை வீடுகளாக மாறுவதைத் தடுக்க லெவன்வர்த் அடங்கிய சேலன் மாவட்டம் 2021-இல் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. நல்ல செயல்தான், ஆனால் அது முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, பெயர். ‘சிக்கமின்’ சினூக் வணிகமொழிச் சொல். பசிபிக் வடமேற்கின் பழங்குடிகளும் வந்தேறிகளும் தங்களுக்குள் பேசப் பயன்படுத்திய கலப்புமொழி அது. அதில் சிக்கமின் என்றால் உலோகம், காசு என்று பொருள். ‘டம்வாட்டர்’ என்ற பெயரும் அதே மொழியிலிருந்து வந்தது. அருவி என்று பொருள்படும். டம் என்பது நீர் விழும் ஓசை, இதயம் துடிக்கும் ஓசையும் அதுவே.

ரயிலுக்கும் ஆலைக்கும் முன்னால் இது வெனாச்சி என்ற பழங்குடி மக்களின் ஊர். ஐசிக்கிள் ஓடை வெனாச்சி ஆற்றில் கலக்கும் இடத்தில் சால்மன் மீன்கள் திரள்வதால், பல குடிகள் அங்கே கூடி மீன்பிடித்து, உலர்த்தி, பண்டமாற்று செய்தார்கள். 1855-இல் வெனாச்சி உட்பட இப்பகுதியின் பல பழங்குடிகளோடு அமெரிக்க அரசு செய்த யாக்கமா ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ‘வெனாட்ஷாபம் மீன்பிடித்துறை’ என்று பெயர் சொல்லி, ஆறு மைலுக்கு ஆறு மைல் நிலத்தை அவர்களுக்கு ஒதுக்குவதாக அரசு எழுதிக்கொடுத்தது. அந்த நிலம் ஒருபோதும் அவர்கள் கைக்கு வரவில்லை. இடையில் ரயில்பாதை வந்துவிட்டது. 1894-இல் அந்த ஒதுக்கீட்டு உரிமையை 20,000 டாலருக்கு யாக்கமா என்ற அண்டைப் பழங்குடி மக்களிடமிருந்து அரசு எழுதி வாங்கிக்கொண்டது. அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த வெனாச்சி மக்கள் கையில் நிலம் மிஞ்சவில்லை. அவர்களின் தலைவர் ஜான் ஹார்மெல்ட் பல பத்தாண்டுகள் மனு மேல் மனு கொடுத்துப் போராடினார். பலர் கோல்வில் என்ற பழங்குடி ஒதுக்கிடத்துக்குப் பெயர்ந்தார்கள். இறுதியில் 2010-இல்தான் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், யாக்கமா மக்களோடு சேர்ந்து வெனாச்சி மக்களுக்கும் அந்த மீன்பிடித்துறையில் மீன்பிடிக்கும் உரிமை உண்டு என்று உறுதிசெய்தது. நிலம் திரும்பவில்லை, மீன்பிடிக்கும் உரிமை திரும்பியது.

ஃபிரண்ட் தெருவிலிருந்து சில நிமிடங்கள் வண்டியில் போனால் லெவன்வர்த் தேசிய மீன்குஞ்சு நிலையம் இருக்கிறது. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை கட்டி மீன்களின் வழியை மறித்ததற்கு ஈடாக 1940-இல் அமைத்தது அது. வசந்தகாலச் சினூக் சால்மன்கள் மே, ஜூன் மாதங்களில் அங்கே திரும்பி வரும்போது, பழங்குடி மீனவர்கள் ஓடையின் மேல் மரமேடை கட்டி, நீண்ட கழியில் பொருத்திய வலையோடு நிற்பதைப் பார்க்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் அற்றுப்போயிருந்த கோஹோ சால்மனை, யாக்கமா மக்களே பல ஆண்டுகள் முயன்று மீட்டிருக்கிறார்கள். அவை இலையுதிர் காலத்தில் வரும்.

ஊரின் பவேரிய முகப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1965-இல் அந்த மக்களுக்கு வேறு வழி குறைவு. ஆனால் ஆண்டுதோறும் வந்துபோகும் இத்தனை பேரில், ஆற்றுக்கும் ஊருக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் குறை.

கார்முகில் எழுதியது:

நான் ஒரு வரிக் கேள்வி கேட்டேன். நீங்கள் அனைவரும் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். இழை முழுவதையும் இரவு உணவின்போது வீட்டில் உரக்கப் படித்தேன். அப்பா 1855-ஆம் ஆண்டுப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆறு மைலுக்கு ஆறு மைல் என்றால் 23,040 ஏக்கர் என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டு நடைமுறைக் கேள்விகள். அம்மா இறைச்சி உண்பதில்லை. அன்று ஓர் உணவகத்தில் காய்கறி சூப் என்று சொல்லித் தந்ததில் மாட்டிறைச்சிச் சாறு கலந்திருந்தது பாதி குடித்த பிறகே தெரியவந்தது. அம்மா அன்று மாலைவரை பழம் தவிர வேறொன்றும் உண்ணவில்லை. அங்கே என்ன கேட்டு வாங்கலாம்? ரயிலில் போக முடியுமா?

இசார்க்கரை எழுதியது:

ஜேர்மன் சமையலில் காய்கறிச் சூப்புக்கும் புளித்த முட்டைக்கோசுக்கும் இறைச்சிச் சாறோ பன்றிக்கொழுப்போ சேர்ப்பது சாதாரணம். கேட்காமல் வாங்க வேண்டாம். ‘கேஸ்ஸ்பெட்ஸ்லே’ என்ற பாலாடைக்கட்டிச் சேவை இறைச்சியில்லாதது, ஆனால் மாவில் முட்டை இருக்கும். முட்டையும் ஆகாது என்றால் பிரெட்செல் என்ற உப்பு முறுக்கு ரொட்டியும் கடுகு விழுதும் வாங்கலாம். பிரெட்செலின் மாவில் கொழுப்பு எதுவென்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

ரயில்பித்தன் எழுதியது:

2009 முதல் ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தின் எம்பயர் பில்டர் என்ற வண்டி ஊருக்கு வெளியே ஐசிக்கிள் நிலையத்தில் நிற்கிறது. மாலையில் சியாட்டிலில் ஏறினால் இரவு எட்டு மணியளவில் இறங்கலாம். திரும்பும் வண்டி விடியற்காலையில் வரும். ஆகவே ஒரே நாளில் போய்வர அது உதவாது. குறைந்தது ஓர் இரவாவது, ஊரைப் பகலில் பார்க்க வேண்டுமானால் இரண்டு இரவுகள், தங்க வேண்டும். நவம்பர் இறுதியில் விளக்குகள் ஏற்றியபின் சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது மிகக் கடினம். பெற்றோருடன் போவதானால் வார நாள்களே நல்லவை.

கார்முகில் எழுதியது:

பெற்றோர் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை போகலாம் என்று அம்மாதான் சொன்னார்கள். அக்டோபர் கடைசிச் செவ்வாயன்று போனோம். இம்முறை ஊருக்குள் நுழையாமல் முதலில் டம்வாட்டரில் வண்டியை நிறுத்தி, குழாய்ப் பாலத்தில் நடந்து மறுகரைக்குப் போனோம். இரும்பில் துருவேறியிருந்தாலும் பாலம் உறுதியாக இருக்கிறது. அதன் நடுவில் நின்றால் கீழே நீர் விழும் ஓசையைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. பிறகு மீன்குஞ்சு நிலையத்துக்குப் போய் ஐசிக்கிள் ஓடையின் கரையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தெளிந்த நீரில், முதுகு கறுத்து விலா சிவந்த இரண்டு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் வாலசைத்தபடி நிற்பதை அம்மாதான் முதலில் கண்டார்கள். அவை கோஹோ என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார்.

மாலையில்தான் ஃபிரண்ட் தெருவுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க அம்மா ஒரு நட்கிராக்கர் வாங்கினார்கள். அந்தக் கடைக்கார அம்மையார் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். அவரிடம் எடல்வைஸ் கட்டடம் எது என்று கேட்டேன். வெளியே வந்து கை நீட்டிக் காட்டினார். அப்பா தெருவைக் கடந்துபோய் அதன் எதிரே நின்று, சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து, அன்றைய தேதிக்குக் கீழே ‘சிக்கமின்’ என்று எழுதிக்கொண்டார்.